எந்தக் கோயிலடி?

பூவரசு | திங்கள், இரவு 9.12

பரீட்சைகள் எல்லாம் முடிந்துவிட்டன. பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் எடுத்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை எழுதியே ஆக வேண்டும் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அதையும் எழுதிச் சித்தியடைந்தேன். இனி ஆறு மாதம் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் பயிலுனராக இருக்க வேண்டும். அது முடிந்தால் கொழும்புக்குப் போய் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அம்மா கறுப்புக் கோட்டுக்குத் துணிகூட வாங்கி வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் மூன்று வாரமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறேன். இரண்டு இடங்களில் உண்மையாகவே இடமில்லை, அதைக் குறை சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

ஐயா நன்றாகத்தான் கதைத்தார். பெறுபேற்றைப் பார்த்தார், "வடிவாகச் செய்திருக்கிறீர்" என்றார். மேசையில் கிடந்த பெரிய நாட்குறிப்பைத் திறந்து, பேனையின் மூடியைக் கழற்றி என் பெயரை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "நீர் எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அங்கே எவ்விடம்?" சொன்னேன். "எந்தக் கோயிலடி?" அதையும் சொன்னேன்.

பேனையை மூடிவிட்டார். பெயரில் பாதிதான் எழுதியிருந்தார். "ஏற்கெனவே ஒரு பிள்ளை வருவதாகச் சொல்லியிருக்கிறது, பார்த்துவிட்டு அறிவிக்கிறேன்" என்றார். என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்கவில்லை.

அது யார், எந்த அலுவலகம் என்று யாரும் கேட்க வேண்டாம். இது உங்களுக்கும் நடந்திருக்கிறதா? நடந்தால் என்ன செய்தீர்கள்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.


நாவற்பழம் | திங்கள், இரவு 9.30

தொலைபேசி இலக்கத்தைக் கேட்காமல் எப்படி அறிவிப்பாராம்? புறாவிலா?


பழைய அப்புக்காத்து | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, உமது மனவருத்தம் விளங்குகிறது. ஆனால் இது ஒரு பக்கக் கதை. முப்பத்தினான்கு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், சாதி பார்த்து ஒரு பயிலுனரையும் திருப்பி அனுப்பியதில்லை. "எந்த ஊர்?" என்று நானும் எல்லோரிடமும் கேட்பேன். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமே அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

அதற்குத் தொழில் ரீதியான காரணமும் உண்டு. இங்கே பாதி வழக்குகள் காணி வழக்குகள். பங்காளிகள், எல்லைச் சண்டை, முன்வாங்கும் உரிமை. நாளை பயிலுனராக வரும் பிள்ளையின் மாமனே என் கட்சிக்காரரின் எதிராளியாக இருந்தால் வழக்குக் கோவையை எப்படி அவர் கையில் கொடுப்பது? ஊரும் உறவும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பேனையை மூடினார் என்பதற்காக ஒருவரைச் சாதி பார்ப்பவர் ஆக்கிவிடாதீர்கள். மை காய்ந்துவிடும் என்றும் மூடியிருக்கலாம்.


உறுதிப்பெட்டி | திங்கள், இரவு 10.41

சேர், நான் பிரசித்த நொத்தாரிசு (காணிப் பத்திரங்களை, அதாவது உறுதிகளை, எழுதி அத்தாட்சிப்படுத்துபவள்), பத்தொன்பது வருடத் தொழில். எதிராளியின் உறவா என்று பார்க்க வேண்டுமானால் பெற்றோர் பெயரைக் கேட்டுக் கோவைகளோடு ஒப்பிட்டால் போதும். கோயில் எதற்கு? காணி வழக்கில் பிள்ளையார் எதிராளியாக வந்து நான் பார்த்ததில்லை. (தேவஸ்தான வழக்குகளில் வருவார், ஒப்புக்கொள்கிறேன்.)

ஒரு கிராமத்தில் ஐந்து கோயில் இருந்தால், எந்தக் கோயிலடி என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஒழுங்கை, வளவு, சாதி மூன்றும் ஒரேயடியாக வந்துவிடும். கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வாயால் சொல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது. கெட்ட வார்த்தை ஒன்றையாவது சொல்லியிருந்தால் சாட்சி வைக்கலாம்.

பூவரசு, எனக்கு வேறு விதமாக நடந்தது. நான் பயிலுனராகப் போன காலத்தில் என் சிரேஷ்டர், நல்ல மனிதர், இன்றும் மதிக்கிறேன், "பிள்ளைக்குக் குற்றவியல் வேண்டாம், பொலிஸ் நிலையம், சிறைச்சாலை என்று அலைய வேண்டி வரும், காணியும் குடும்ப வழக்கும் போதும்" என்றார். என்னோடு வந்த ஆண் பயிலுனரைப் பெரிய குற்ற வழக்குகள் நடக்கும் மேல் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அலுவலகத்தில் இருந்து உறுதி வாசித்தேன். உறுதி வாசிக்கக் கற்றதால் இன்று சாப்பிடுகிறேன், அது உண்மை. ஆனால் குற்றவியல் வழக்கில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்திருப்பேனா, அது எனக்கு வந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் தெரியாது.


தட்டிவான் | செவ்வாய், காலை 7.15

நான் சட்டம் படித்தவன் இல்லை, கணக்காளர். ஆனால் இந்த இழை எங்கே போகிறது என்று தெரிகிறது. அடுத்ததாக யாராவது வந்து சட்டத்தரணிகளுக்கும் இட ஒதுக்கீடு வேண்டும் என்பார்கள்.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறையின் பிள்ளை நான். என் அப்பாவின் புள்ளிகள் போதும், ஆனால் அவர் தமிழ் மொழிமூலம், தமிழில் எழுதியவர்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கடிதத்தை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். அடையாளம் பார்த்து இடம் கொடுப்பது என்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தகுதி ஒன்றையே பாருங்கள். தகுதியால்தான் இந்த மண்ணின் பிள்ளைகள் மேலே போனார்கள். 1984இல் சர்வானந்தா பிரதம நீதியரசரானார், 2015இல் ஸ்ரீபவன். யாருடைய சலுகையிலும் இல்லை.


இரணைமடு | செவ்வாய், காலை 8.02

தட்டிவான் அண்ணை, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மொழிவாரித் தரப்படுத்தல் வேறு, பின்னால் வந்த மாவட்டக் கோட்டா வேறு. இன்று பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் தகுதி அடிப்படையில், 55 மாவட்ட அடிப்படையில், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த மாவட்டக் கணக்கு இல்லாவிட்டால் நான் சட்டம் படித்திருக்க மாட்டேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு அரசறிவியல் ஆசிரியர் ஒன்றரை வருடம் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு ரியூசனுக்குப் போன பிள்ளையோடு என்னை ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னால் அதற்குப் பெயர் தகுதியா?

என் தாத்தா மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களில் ஒருவர். பயிலுனர் காலத்தில் என்னிடம் யாரும் கோயிலைக் கேட்கவில்லை. "உம்முடைய தமிழ் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே, சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். கிளிநொச்சி என்றேன். "அதற்கு முதல்?" என்றார்கள். நான் பிறந்தது கிளிநொச்சி ஆஸ்பத்திரியில். அதற்கு முதல் நான் எங்கேயும் இருக்கவில்லை.


நாவற்பழம் | செவ்வாய், காலை 8.20

கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.


புதுக்கடைக்காரி | செவ்வாய், பகல் 12.48

கொழும்பில் இருந்து எழுதுகிறேன், உணவு இடைவேளை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூவரசு "என்ன செய்யலாம்" என்று கேட்டிருக்கிறார், யாரும் சட்டம் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் இனம், மதம், மொழி, பால் என்பவற்றோடு சாதியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாம். அடிப்படை உரிமை மனு என்பது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது. தனிப்பட்ட சட்டத்தரணி ஒருவர் தன் அலுவலகத்தில் யாரைச் சேர்க்கிறார் என்பது அதற்குள் வராது. அதுபோக, அந்த மனுவை ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்தில், அதாவது இங்கே புதுக்கடையில், தாக்கல் செய்ய வேண்டும்.

12(3) இன்னும் வேடிக்கை. சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்கள் எவை என்று அது பட்டியல் போடுகிறது: கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தன் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள். தேநீர்க் கடைக்குள் உங்களை விடாவிட்டால் அரசியலமைப்பு பேசும். சட்டத்தரணியின் அலுவலகத்துக்குள் விடாவிட்டால் பேசாது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அது குற்றவியல் சட்டம். ஆனால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? "வேறொரு பிள்ளை வருகிறது" என்ற ஒரு வசனம் போதும், வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

இங்கே கொழும்பில் கதவை மூடுவது மொழி. 2020 டிசம்பரில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் அது தோற்றது. தோற்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெடி கொளுத்தாத குறை. நான் கொஞ்சம் யோசித்தேன். தமிழில் பரீட்சை எழுதலாம், சரி. ஆனால் பழைய சட்ட அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலம், உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலம், கொழும்பில் கீழ் நீதிமன்றங்கள் சிங்களம். பரீட்சை மண்டபத்தில் தமிழைத் தந்துவிட்டு, வெளியே வந்ததும் இரண்டு மொழியையும் நீயே தேடிக்கொள் என்றால் அதுவும் ஒரு கதவுதான்.

மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிங்கராசா வழக்கைப் பாருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான தமிழ் இளைஞர். தன்னால் வாசிக்க முடியாத சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதைக் கொண்டு 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவர் பக்கம் நின்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்துக்கு இங்கே வலுவில்லை என்றது. வாக்குமூலம் எடுத்த அந்த மேசைக்குப் பக்கத்தில் அவருடைய மொழி தெரிந்த ஒரு சட்டத்தரணி இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பேன். மணி அடித்துவிட்டது, போகிறேன்.


பழைய அப்புக்காத்து | செவ்வாய், பிற்பகல் 3.30

புதுக்கடைக்காரி எழுதியதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் அவர் சொல்வதையே திருப்பிச் சொல்கிறேன்: சட்டம் தலையிடாத இடம் அது. ஓர் அலுவலகம் என்பது வீடு மாதிரி. யாரை உள்ளே எடுப்பது என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்டது.


கைதடிச் சந்தி | செவ்வாய், மாலை 5.10

ஐயா, வீடு மாதிரி என்கிறீர்கள். வீடு என்றால் எனக்கு வாசலைக் காட்டுங்கள்.

நான் பார்வையற்றவன். சட்டம் மூன்றாம் வருடம். சிறுவயதில் பிரெயில் படித்தேன், இப்போது கணினியில் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறேன். பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது, 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. சரிவுப்பாதை, கைபிடி, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. சக்கர நாற்காலி நண்பர்களுக்கு அது பெரிய விஷயம். என் பிரச்சினை படிக்கட்டு இல்லை. படிக்கட்டை எண்ணி ஏறிவிடுவேன்.

என் பிரச்சினை பாமினி.

சிரிக்காதீர்கள். இங்கே பாதி அலுவலகங்களில் தமிழ் ஆவணங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்த முகமூடி. உங்கள் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்கு அது ஆங்கிலம். "சட்டம்" என்று நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதை என் திரைவாசிப்பான் எனக்கு இப்படி வாசிக்கிறது: ஆர், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி. அறுபது பக்கக் குறிப்பு ஒன்றை அப்படிக் கேட்டுப் பாருங்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவி இருக்கிறது, ஆனால் அச்சடித்து நிழற்படப் பிரதி எடுத்து, அதை மறுபடி ஒளிவருடித் தந்தால் அதுவும் இல்லை. என் தங்கச்சி இரவில் வாசித்துச் சொல்வாள், நான் பதிவு செய்வேன். அவளுக்கு இப்போது ஈடு (அடமானம்) பற்றியும் ஆட்சியுரிமை பற்றியும் என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் படிப்பது உயிரியல்.

பயிலுனராக இடம் கேட்டுப் போனால் என்னிடம் கோயிலடி எல்லாம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதுவரை கதை போகாது.


ஐந்துசந்தி | செவ்வாய், மாலை 6.33

என் வாப்பா 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது பதினாறு வயதுப் பிள்ளையாக யாழ்ப்பாணத்தை விட்டுச் சில மணித்தியாலத்தில் வெளியேறியவர். நான் புத்தளத்தில் பிறந்து இங்கே திரும்பி வந்து தொழில் செய்கிறேன். சக சட்டத்தரணிகள் அன்பாகத்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வழக்குக் கூப்பிட்டால் முன்பின்னாக மாற்றித் தர ஒரு அண்ணன் எப்போதும் எழுந்து நிற்பார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிபதியாக முஸ்லிம் ஆண் ஒருவர்தான் இருக்கலாம். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி யாரும் ஆஜராக முடியாது. அதனால் என் தங்கை விவாகரத்துக்குப் போனபோது, சட்டத்தரணியான நான் வெளியே வாங்கில் இருந்தேன். உள்ளே அவளுக்காகக் கதைத்தது, கடை வைத்திருக்கும் எங்கள் மாமா.


மட்டுறுத்துனர் | செவ்வாய், இரவு 7.00

பூவரசு குறிப்பிட்ட அலுவலகம் எது என்று ஊகித்து எழுதிய மூன்று பதிவுகளை நீக்கிவிட்டேன். நாலாவது வந்தால் இழையைப் பூட்டுவேன்.


பூவரசு | செவ்வாய், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. ஊகித்தவர்களுக்கு: மூன்றும் பிழை.

"வீடு மாதிரி" என்ற சொல் பகல் முழுக்க மனதில் கிடந்தது. என் அம்மப்பா 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களில் ஒருவர். அவர்களுக்கு அப்போது சொல்லப்பட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: இது எங்கள் கோயில், எங்கள் வழமை, உள்ளே யார் வருவது என்பது எங்கள் விஷயம். ஐயா, உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. சொல் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பில் நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை படித்த நேரம். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார், பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் வாசித்துச் சரி என்றார்கள், 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இதெல்லாம் பரீட்சைக்கு வரும், எழுதிக்கொண்டோம். சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), தத்தெடுத்தல், ஈடு. பிறகு அடிமைகள் பற்றிய பகுதி. யார் யாரெல்லாம் அடிமைகள் என்று அதில் நான்கு சமூகங்களின் பெயர் வரிசையாக இருக்கிறது.

விரிவுரையாளர், "இது 1844இல் அடிமை முறை ஒழிந்ததோடு போய்விட்டது, பரீட்சைக்கு வராது, அடுத்ததுக்குப் போவோம்" என்றார். எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் தாள் புரட்டும் சத்தம். நான் புரட்டவில்லை. நான்கில் ஒன்று எங்களுடையது. என் பக்கத்தில் இருந்த சிநேகிதி நல்லவள், இன்றைக்கும் என் சிநேகிதிதான். நான் பின்தங்கிவிட்டேன் என்று நினைத்து, கை நீட்டி எனக்காகப் பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

அந்த வகுப்பில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் முதலியார்கள் பன்னிரண்டு பேரும் சரி பார்த்த அந்தப் பட்டியலில் இருப்பவர்களின் பிள்ளை ஒருத்தி இந்த அறையில் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து நிமிடம் அந்தப் பக்கத்தில் நின்று கதைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.


உறுதிப்பெட்டி | செவ்வாய், இரவு 10.30

பூவரசு, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

தேசவழமை என்றதும் என் பங்குக்கும் ஒன்று. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் கையெழுத்து வேண்டாம். நான் ஒரு நாளைக்கு நாலு பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். கணவன் காணாமல் போனவர்களுக்கும் சொல்கிறேன். "மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை எடுக்கலாம் அம்மா" என்று. ஒரு அம்மா திருப்பிக் கேட்டார்: "அவர் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்களா, பிள்ளை? பதினைந்து வருடமாக நான் அதை எழுதிக் கொடுக்காமல்தான் தெருவில் இருந்து போராடுகிறேன்." உறுதியை மடித்துத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

என் சீதனக் காணியை விற்க எனக்கும் இதே விதிதான். மற்றவர்களின் உறுதிக்கு நான் முத்திரை குத்தலாம், என் உறுதிக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். இது 12ஆம் உறுப்புரைக்கு முரண் இல்லையா என்று கேட்காதீர்கள். முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று அதே அரசியலமைப்பின் 16(1) சொல்கிறது.

1911இல் இதை எழுதிய மேசையில் ஒரு பெண் இருந்திருக்க வழியில்லை. இலங்கையில் பெண்கள் சட்டத்தரணிகளாவதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டமே 1933இல்தான் வந்தது.


தட்டிவான் | புதன், காலை 6.50

பூவரசு தங்கச்சி, தகுதி பற்றி எழுதியதைத் திரும்ப எடுக்கவில்லை. உமக்குத் தகுதி இருந்தது, பேனை மூடப்பட்டது. அப்படியென்றால் அங்கே தகுதி பார்க்கப்படவில்லை. இதை நேற்று நான் யோசிக்கவில்லை.

இட ஒதுக்கீட்டுக்கு இன்றும் எதிர்ப்புத்தான்.


பழைய அப்புக்காத்து | வியாழன், இரவு 11.20

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். கோபத்தில்தான் இருந்தேன், மறைக்கவில்லை.

நேற்று மாலை அலுவலகத்தில் கிளார்க் போன பிறகு அலுமாரியைத் திறந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். என்னிடம் பயிலுனராக இருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். இருபத்தொன்பது பேர். இங்கே எழுதியவர்களின் வாயை அடைக்கத்தான் தொடங்கினேன். பெயருக்கு நேரே ஊர். ஊருக்கு நேரே, யார் சொல்லி வந்தார்கள் என்பது.

இருபத்தொன்பதில் இருபத்துநாலு பேருக்கு எனக்கு யாரோ தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். என்னோடு படித்தவர்கள், மைத்துனர், கோயில் தர்மகர்த்தா, ஒரு பழைய அதிபர். ஊர்களை எண்ணினேன், நாலு ஊருக்கு மேல் போகவில்லை. யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை என்று எழுதினேன், அது உண்மை. வாசலுக்கு வந்தவர்களே அந்த நாலு ஊர்தான். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஊர் கேட்பதெல்லாம் சாதி கேட்பதுதான் என்பதை இன்றும் ஏற்க மாட்டேன். ஆனால் கோயிலடி வரை போவதற்குக் காணி வழக்கைச் சாட்டாகச் சொன்னது சரியில்லை. உறுதிப்பெட்டி சொன்ன மாதிரிப் பெற்றோர் பெயர் போதும்.

பூவரசு, எனக்கு அடுத்த மாதம் ஓர் இடம் இருக்கிறது. வருவீரா?


பூவரசு | வெள்ளி, காலை 8.14

ஐயா, நன்றி. மனதாரச் சொல்கிறேன். ஆனால் நேற்று எனக்கு இடம் கிடைத்துவிட்டது, மன்னாரில். ஒரு அக்காவின் அலுவலகம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மோட்டார் சைக்கிள் ஓடுவீரா? வெளிக்கள வேலை நிறைய இருக்கும்." அம்மா மன்னார் தூரம் என்று மூக்கைச் சிந்துகிறார். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் இடத்துக்கு என்னைக் கூப்பிடுவதைவிட, தொலைபேசி எடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்கும் அந்த இடம் இருப்பது தெரியும்படி செய்யுங்கள். அறிவித்தல் ஒன்று எழுதி, பல்கலைக்கழகச் சட்டத்துறைப் பலகையில் ஒட்டுங்கள். மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களிலும். எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், என்ன தகைமை, பஸ் காசாவது கொடுப்பீர்களா என்பதையும் எழுதுங்கள். சம்பளமில்லாமல் ஆறு மாதம் வந்து போக முடியாததாலேயே சிலர் கேட்டும் பார்ப்பதில்லை.


பழைய அப்புக்காத்து | வெள்ளி, காலை 9.02

பஸ் காசு கொடுக்கலாம். மதியச் சாப்பாடும் உண்டு, வீட்டிலிருந்து வரும், புளிக்குழம்பு கொஞ்சம் உறைப்பு. அறிவித்தலை இன்றைக்கே தட்டச்சு செய்யக் கொடுக்கிறேன்.


கைதடிச் சந்தி | வெள்ளி, காலை 9.05

ஐயா! பாமினியில் வேண்டாம்!


பழைய அப்புக்காத்து | வெள்ளி, காலை 9.40

எங்கள் தட்டச்சுப் பிள்ளைக்குப் பாமினியைத் தவிர வேறு தெரியாது என்கிறது. யூனிகோட் எப்படிப் போடுவது? யாராவது சொல்லுங்கள்.


நாவற்பழம் | வெள்ளி, காலை 9.52

விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும் ஐயா. இல்லாவிட்டால் பாமினியில் அடித்ததை மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக எடுக்கலாம். தனிமடலில் படிப்படியாக அனுப்புகிறேன்.


பழைய அப்புக்காத்து | வெள்ளி, பகல் 1.17

பரீட்சார்த்தமாக இங்கே ஒட்டுகிறேன். கைதடித் தம்பி, பார்த்துச் சொல்லும்.

"சட்டப் பயிலுனர் தேவை. ஓர் இடம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 28. பெயர், பெற்றோர் பெயர், பெறுபேறு போதும். போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் வழங்கப்படும். சிபாரிசு தேவையில்லை."


கைதடிச் சந்தி | வெள்ளி, பகல் 1.21

வாசிக்கிறது ஐயா. "சிபாரிசு தேவையில்லை" என்பதை இரண்டு தரம் வாசிக்க வைத்தேன்.

நான் முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அப்போதும் பலகையில் ஒட்டுவீர்கள்தானே?